கொட்டேஷனைக் கீழிருந்து படிப்போம்
குறைந்த செலவில் வீட்டுக் கணினி: பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஓர் ஆய்வு

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் நுழைந்து ஏதாவது ஒரு கடையில், "வீட்டுக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ணணும், பட்ஜெட் கம்மி" என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒரு கொட்டேஷன் கைக்கு வரும். அதில் வரிசை எப்போதும் ஒன்றுதான். முதல் வரி ப்ராசஸர். அடுத்து மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி. அதற்குக் கீழே மானிட்டர், கீபோர்டு, மவுஸ். பிறகு ‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்று ஒரே வரி. கடைசியில், சில சமயம் பேனாவால் சேர்த்து எழுதியது, யு.பி.எஸ்.

பேரமும் இதே வரிசையில்தான் நடக்கும். ஐ3-ஆ ஐ5-ஆ என்று பத்து நிமிடம் வாதாடுகிறவர், தாளின் அடிப்பகுதிக்கு வரும்போது களைத்துப்போய், "அதெல்லாம் நீங்களே பாத்துப் போட்டுக்குடுங்கண்ணே" என்று விட்டுவிடுவார். கடைக்காரரும் பார்த்துத்தான் போடுவார். மேலே விட்டுக்கொடுத்ததை எங்கே எடுப்பது என்று பார்த்து.

2025 ஜூனில் அக்கா மகள் கல்லூரியில் சேர்ந்தபோது, மயிலாடுதுறையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்காக மூன்று கடைகளில் இப்படித் தாள் வாங்கினேன். மூன்றிலும் ப்ராசஸர் ஒன்றே. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய். ஆனால் மொத்தத் தொகையில் பெரிய இடைவெளி இருந்தது. அது முழுக்கத் தாளின் கீழ்ப்பாதியில் இருந்தது. அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் சாரம்: பட்ஜெட் கணினியின் ஆயுளைத் தீர்மானிப்பவை நாம் பேரம் பேசாத வரிகள். ஆகவே கொட்டேஷனைக் கீழிருந்து மேலாகப் படிப்போம்.

முதலில், வேலை என்ன?

பெரும்பாலான வீடுகளில் கணினிக்கு இருக்கும் வேலை எளியது. பிள்ளைகளின் ப்ராஜெக்ட், ஆன்லைன் வகுப்பு, அலுவலகக் கோப்பு, டேலி, யூடியூப், வங்கிக் கணக்கு. இவற்றுக்கு இன்றைய மிகச் சாதாரண ப்ராசஸரே போதும். கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர், வீடியோ எடிட் செய்பவர், கேம் ஆடுபவர் ஆகிய மூவருக்கும் கணக்கு வேறு. ‘பின்னால் தேவைப்படலாம்’ என்று இந்த மூவருடைய செலவையும் சாதாரண வீட்டுக்காரர் தலையில் கட்டுவதுதான் கடைகளில் நடப்பது. பின்னால் தேவைப்படுவதைப் பின்னால் சேர்த்துக்கொள்ள முடிவதுதான் அசெம்பிள் கணினியின் வசதியே. எதைப் பின்னால் சேர்க்க முடியும், எதை முடியாது என்பதே கேள்வி.

சுவரிலிருந்து தொடங்குவோம்

அக்கா வீட்டில் பழைய கணினியின் கேபினட்டில் பின்பக்கத் திருகைத் தொட்டால் சுரீர் என்று இருக்கும். "தம்பி, செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு, ஒண்ணும் பண்ணாது" என்பார் அக்கா. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் மங்கலாக விளக்கு எரியும். கணினி பழுது என்று இரண்டு முறை மெக்கானிக் வந்து போயிருக்கிறார்.

பழுது கணினியில் இல்லை. கணினிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளில் பொதுவாக மின்னிரைச்சலை வடிகட்ட ஃபேஸிலிருந்து ஒன்று, நியூட்ரலிலிருந்து ஒன்று என இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இரும்பு உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால் கேபினட், 230 வோல்ட்டில் பாதியான சுமார் 115 வோல்ட்டில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் யு.எஸ்.பி., எச்.டி.எம்.ஐ. கேபிள்களைச் செருகும்போது அதே மின்னழுத்தம் போர்டின் மென்மையான பாகங்களைத் தேடிப் போகும். பழைய வீடுகளில் மூன்று ஓட்டைப் பிளக் பாயின்ட் இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்காது. புதிய கணினிக்கான முதல் செலவை அக்கா வீட்டில் எலக்ட்ரீஷியனுக்குத்தான் கொடுத்தோம்.

அடுத்தது யு.பி.எஸ். வீடுகளுக்கு விற்கப்படும் 600 வி.ஏ. யு.பி.எஸ். உண்மையில் தாங்குவது சுமார் 360 வாட். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்று. அதாவது, காகிதத்தில் 84 வாட்-ஹவர். வேகமாக வடியும்போது அதிலும் கணிசமாகக் குறையும். சாதாரணக் கணினியும் மானிட்டரும் பத்து, இருபது நிமிடம் ஓடும். கோப்பைச் சேமித்து முறையாக அணைக்க அது போதும். கரண்ட் வரும்வரை படம் பார்க்கப் போதாது. இரண்டு, மூன்று ஆண்டில் பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், அது மாறும் நேரத்தில் கணினி அணையாமல் தாக்குப்பிடிக்கிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு யு.பி.எஸ். பற்றி முடிவெடுக்கலாம்.

ஸ்டிக்கரில் இருக்கும் கணக்கு

‘கேபினட் வித் எஸ்.எம்.பி.எஸ்.’ என்ற வரிக்கு வருவோம். அக்கா வீட்டுப் பழைய கணினியிலிருந்து கழற்றிய எஸ்.எம்.பி.எஸ். இன்னும் என் மேஜையில் இருக்கிறது. பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் 450 வாட். அதன் கீழே சிறு எழுத்தில் ஓர் அட்டவணை. அதில் 12 வோல்ட் கட்டத்தில் 14 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினான்கால் பெருக்கினால் 168 வாட். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தமக்கான மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்துதான் எடுக்கின்றன. அப்படியென்றால் இது 450 வாட் பெட்டியே இல்லை. கையில் எடுத்துப் பார்த்தாலும் தெரியும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். கனமாக இருக்கும், இது காலி டிபன் பாக்ஸ் போல இருக்கிறது.

மலிவான எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் சாவதில்லை. போகும்போது போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். ஆகவே கேபினட்டையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் இரண்டு வரியாகப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினி முழு வேகத்தில் ஓடும்போதும் 150 வாட்டைத் தாண்டுவது அரிது. பெயர் பெற்ற நிறுவனத்தின் 400, 450 வாட் பெட்டியே தாராளம். ‘80 பிளஸ்’ சான்று இருக்கிறதா என்று பாருங்கள். 2004-இல் தொடங்கிய அந்தச் சான்று, உள்ளே போகும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் வேலைக்குப் பயன்பட வேண்டும் என்கிறது. ப்ரான்ஸ் தரம் என்றால் பாதிச் சுமையில் 85 சதவீதம். இது பாதுகாப்புக்கான சான்று இல்லை, ஆனால் போலிக் கணக்குக்காரர்களைப் பெருமளவு வடிகட்டிவிடும்.

இரண்டு நுட்பங்கள். சில மலிவு மாடல்கள் 200 முதல் 240 வோல்ட் வரைதான் ஏற்கும்; கோடையில் லோ வோல்ட்டேஜ் வரும் ஊர்களில் 100 முதல் 240 வரை ஏற்பதாகப் பார்த்து வாங்குவது நல்லது. ‘ஆக்டிவ் பி.எஃப்.சி.’ உள்ள எஸ்.எம்.பி.எஸ். சில மலிவு யு.பி.எஸ்.களின் படிக்கட்டு அலையோடு ஒத்துப்போகாமல், கரண்ட் போகும் கணத்தில் அணைந்துவிடும். முடிந்தால் இரண்டையும் கடையிலேயே இணைத்து, பிளக்கைப் பிடுங்கிச் சோதித்துவிடலாம்.

வெயிலும் தூசியும்

கேபினட் விளம்பரங்களில் கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும்தான் தெரியும். நமக்கு வேண்டியது முன்பக்கம் காற்று நுழையும் வலையும், பின்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் விசிறியும். அறை வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே இருக்கும் பாகங்களும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். சித்திரை வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், முன்புறம் முழுக்கக் கண்ணாடி அடைத்த கேபினட் ஓர் அடுப்பு. ப்ராசஸரோடு வரும் விசிறியே சாதாரண வேலைக்குப் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயரால் தூசி ஊதுவதும், பின்பக்க ஸ்லாட் ஓட்டைகளைத் தகட்டால் மூடி வைப்பதும் செலவில்லாத பராமரிப்பு. தகடு எதற்கு என்பது, கேபினட்டுக்குள் எலி குடிவந்த வீட்டாருக்குத் தெரியும்.

கண்ணும் விரலும்

எல்லாப் பாகமும் மாறிய பிறகும் வீட்டில் இருக்கப்போவது மானிட்டர். இரண்டு கணினிகளின் ஆயுளை அது பார்க்கும். 22 அல்லது 24 அங்குலம், 1920-க்கு 1080 புள்ளிகள், ஐ.பி.எஸ். திரை: இந்த மூன்றும் இருந்தால் போதும். அதே 1080 புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் எழுத்துகள் சொரசொரப்பாகத் தெரியும். தமிழில் படிக்கிறவர்கள் இதை விரைவில் உணர்வார்கள். ‘ஙு’, ‘ஞு’, ‘ணு’ போன்ற எழுத்துகளின் வளைவுகள் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். உயரத்தை மாற்ற முடியாத ஸ்டாண்டு என்றால் இரண்டு தடித்த புத்தகங்கள் போதும்.

கீபோர்டில் தமிழ் எழுத்து அச்சிட்டிருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ் 11-லேயே இருக்கிறது, லினக்ஸிலும் கிடைக்கும். விரல் பழகிவிட்டால் அச்சு தேவைப்படாது.

சேமிப்பு: ஹார்டு டிஸ்க்கின் காலம் முடிந்த இடம்

பழைய கணினி ‘ஸ்லோ’ என்று புகார் சொல்பவர்களில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது புதிய ப்ராசஸர் இல்லை, எஸ்.எஸ்.டி. ஹார்டு டிஸ்க்கில் ஒரு முள் சுழலும் தட்டின் மேல் இடம் தேடி நகர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி செகண்ட் அளவில் ஆகும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள். அத்தனைக்கும் இந்தத் தேடல். எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகமே கிடையாது.

சாட்டா வகை எஸ்.எஸ்.டி. நொடிக்குச் சுமார் 550 மெகாபைட் படிக்கும், பி.சி.ஐ.இ. மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ. 3,500 வரை, நான்காம் தலைமுறை 7,000 வரை. எண்கள் இரட்டிப்பானாலும் வீட்டு வேலையில் மூன்றாம், நான்காம் தலைமுறைகளுக்கு இடையே கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் மிகக் குறைவு. இங்கே தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம். ‘எம்.2’ என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். அதே வடிவில் சாட்டாவும் வரும், என்.வி.எம்.இ.யும் வரும், பில்லில் எது என்று எழுதியிருக்க வேண்டும். ஆயுள் பற்றிய பயமும் தேவையில்லை. 300 டெராபைட் எழுதத் தாங்கும் எஸ்.எஸ்.டி.யில் தினம் 20 ஜிகாபைட் எழுதினாலும் நாற்பது ஆண்டு ஆகும். 500 ஜி.பி. போதும். குடும்பப் புகைப்படங்களுக்கு ஒரு ஹார்டு டிஸ்க்கைத் தனியாக வைத்துக்கொண்டால், அது மலிவான பேக்கப்பும் ஆகிவிடும்.

ராம்: உலகச் சந்தை வீட்டுக்குள் வரும் வழி

கணினிப் பாகங்களின் விலை அவ்வப்போது நம் கையை மீறிப் போகும். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்டு டிஸ்க் விலை உலகெங்கும் ஏறியது. பெருந்தொற்றுக் காலத்தில் கிரிப்டோ சுரங்கக்காரர்கள் கிராபிக்ஸ் கார்டுகளை அள்ளிச் சென்றார்கள்; 2022 செப்டம்பரில் எதீரியம் நாணயம் சுரங்க முறையைக் கைவிட்டபோதுதான் அந்த வேட்கை அடங்கியது. இப்போது ராமின் முறை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளைப் பெருமளவில் வாங்குவதால், 2025-இன் பிற்பாதியில் விலை கிடுகிடுவென ஏறியது. மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் தன் ‘க்ரூஷியல்’ நுகர்வோர் விற்பனையையே நிறுத்துவதாக அறிவித்தது. அக்கா வீட்டுக்காக ஜூனில் வாங்கிய அதே ராமை ஆண்டு முடிவில் விசாரித்தேன். விலை இருமடங்கைத் தாண்டியிருந்தது.

இதில் செய்யக்கூடியது: 8 ஜி.பி.யில் தொடங்கலாம், ஆனால் ஒரு ஸ்லாட் காலியாக இருக்க வேண்டும். பணம் இருந்தால், 16 ஜி.பி. ஒற்றைக் குச்சியைவிட இரண்டு 8 ஜி.பி. மேல். டி.டி.ஆர்.4 3200 ஒற்றையாக இருக்கும்போது நொடிக்கு 25.6 ஜிகாபைட் கடத்தும். ஜோடியாக இருந்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் படம் வரையும் பகுதியும் இதே ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. அங்கே இந்த வித்தியாசம் நேரடியாகத் தெரியும்.

போர்டு: எத்தனை கதவுகள் திறந்திருக்கும்?

மதர்போர்டைத் தேர்ந்தெடுப்பது, எதிர்காலத்தில் என்னென்ன மாற்றலாம் என்பதைத் தேர்ந்தெடுப்பது. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட் இதற்கு நல்ல உதாரணம். 2017-இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-இல் வந்த ப்ராசஸரைப் பொருத்த முடிந்தது. அடுத்த சாக்கெட்டான ஏ.எம்.5 2022-இல் வந்தது, டி.டி.ஆர்.5 மட்டுமே ஏற்கும். ஆனால் அதற்கு இன்னும் சில ஆண்டு எதிர்காலம் உண்டு. இன்டெலின் எல்.ஜி.ஏ.1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்துபோனது. 2024-இல் வந்தவற்றுக்கு வேறு சாக்கெட்.

குறைந்த செலவுக்கு இன்டெலில் எச்610, ஏ.எம்.டி.யில் ஏ520 சிப்செட் போர்டுகள் போதும். எச்610-இல் ராம் ஸ்லாட் இரண்டுதான். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என இரண்டு வகையிலும் அது வருவதால் எது என்று உறுதிசெய்ய வேண்டும். ஒன்றுக்கு உரிய ராம் மற்றதில் நுழையாது.

கடைசியாக, முதல் வரி

கீழிருந்து ஏறி வந்தால் ப்ராசஸர் முடிவு சுலபமாகிவிடுகிறது. மிச்சமிருக்கும் பணமும் போர்டின் சாக்கெட்டும் இரண்டு, மூன்று பெயர்களைத்தான் விட்டுவைக்கும். 2022-இல் வந்த கோர் ஐ3-12100 நான்கு கோர், எட்டு த்ரெட். சாதாரண வீட்டுக்கு இதுவே தாராளம். ஐ5-12400 ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி-யும் ஆறும் பன்னிரண்டும்; கூடவே ஓரளவு நல்ல கிராபிக்ஸ்.

பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 12100எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. எஃப் மாடலை மலிவாகக் கொடுத்து, மிச்சப் பணத்துக்கு 2014-இல் வந்த ஜி.டி.730 போன்ற ஒரு பழைய கார்டைச் சேர்த்து ‘கிராபிக்ஸோடு’ என்று சொல்வது நடைமுறையில் உண்டு. 5600ஜி-யின் உள்ளிருக்கும் கிராபிக்ஸ் அதைவிட வலுவானது. கேம் ஆட வேண்டும் என்றால் பணம் சேர்த்து நல்ல கார்டாக ஒரு வருடம் கழித்து வாங்கலாம், இடைக்கார்டு வீண்செலவு.

‘ஐ5’ என்ற பெயருக்கு மட்டும் மதிப்புக் கிடையாது. 2012-இன் ஐ5-3470-யும் ஐ5தான். 2011-இன் எச்61 சிப்செட்டில் இன்றும் புதிதாகச் செய்து விற்கும் போர்டோடு அதைச் சேர்த்து ‘ஐ5 சிஸ்டம்’ என்று மிக மலிவாகக் கொடுக்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அந்தக் கணினிக்கு லினக்ஸ்தான் கதி.

பழையது வாங்கவே கூடாது என்பதல்ல. அலுவலகங்கள் குத்தகை முடிந்து கழித்த டெல் ஆப்டிப்ளெக்ஸ், எச்.பி. எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் பெட்டிகள் எட்டாம் தலைமுறைக்கு மேல் கிடைத்தால், மிகக் குறைந்த பட்ஜெட்டுக்கு அவை புதிய அசெம்பிளைவிட நல்ல பேரமாக இருக்கலாம். குறை ஒன்றுதான்: போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவம். கெட்டால் அதே மாடலைத்தான் தேட வேண்டும்.

பில்லும் விண்டோஸும்

"ஜி.எஸ்.டி. பில் வேணுமா சார்?" என்ற கேள்வி வரும்போது 18 சதவீதம் மிச்சம் என்று மனம் துள்ளும். ஆனால் பாகங்களுக்கான உத்தரவாதம் (ப்ராசஸர், போர்டு போன்றவற்றுக்கு வழக்கமாக மூன்று ஆண்டு) அந்த பில்லைத்தான் பற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் பில்லில் இருக்கட்டும். அட்டைப்பெட்டி இல்லாமல் வரும் ‘ட்ரே’ ப்ராசஸருக்குப் பொதுவாகக் கடைக்காரர் வாக்குதான் உத்தரவாதம். அவர் நல்லவராகவே இருக்கலாம். மூன்று ஆண்டு கழித்து அதே இடத்தில் கடை இருக்குமா என்பது வேறு கேள்வி.

விண்டோஸைக் கடையில் ‘போட்டுத்தருவது’ பெரும்பாலும் திருட்டுப் பிரதி. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியில், பூட்டை உடைத்த மென்பொருள் என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியாது. டேலி கட்டாயம் என்றால் உரிமத்தோடு விண்டோஸ் வாங்கி, அதையும் கொட்டேஷனில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என இலவச வழிகள் உண்டு.

நூறு ரூபாயை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், என் கணக்கு இது: யு.பி.எஸ்.ஸும் விண்டோஸும் தனி. மானிட்டருக்கும் கீபோர்டுக்கும் 22, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் கேபினட்டுக்கும் 15, எஸ்.எஸ்.டி.க்கு 11, ராமுக்கு 14, போர்டுக்கு 16, ப்ராசஸருக்கு 22. ராம் விலை ஏறியிருக்கும் காலத்தில் ராமின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பங்கைத் தொடாதீர்கள். ராமைத் தீபாவளிக்குச் சேர்த்துக்கொள்ளலாம். கருகிய போர்டுக்குத் தீபாவளி கிடையாது.

மூன்று கொட்டேஷனில் நடுவில் இருந்ததைத்தான் கடைசியில் எடுத்தேன், இரண்டு மாற்றங்களோடு. ஐ5-க்குப் பதில் ஐ3, கேபினட்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் தனித்தனி வரி. "ப்ராசஸரக் குறைச்சுட்டு எஸ்.எம்.பி.எஸ்.ல ஏத்துறீங்களே சார்" என்று கடைப்பையன் சிரித்தான். மயிலாடுதுறையில் எல்லாம் பொருத்தி முடித்ததும் அக்கா முதலில் செய்தது, செருப்பைக் கழற்றிவிட்டு, பின்பக்கத் திருகை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்ததுதான். விரலை எடுக்காமல் நின்றார்.